பங்காளிக்குப் பெண்பால் உண்டா?

நான் வேலை பார்க்கும் கல்லூரியில் பி.காம். மாணவிகளுக்கும் தமிழ்ப்பாடம் எடுக்கிறேன். ஒரு மதிய வகுப்பில் பால்காட்டும் விகுதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். தோழன், தோழி, தலைவன், தலைவி என்று பலகையில் எழுதிக்கொண்டே போகையில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "கூட்டாளிக்குப் பெண்பால் என்ன மேம்?"

'ஆளி' என்று முடியும் சொற்கள் இருபாலுக்கும் பொது என்றேன். தொழிலாளி, நோயாளி, அறிவாளி, கூட்டாளி, முதலாளி எல்லாம் அப்படித்தான். இலக்கணப்படி அது சரியான பதில். அவள் விடவில்லை. "அப்போ முதலாளியம்மான்னா யாரு மேம்? முதலாளியா, முதலாளியோட சம்சாரமா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் ஏறிப் புளியந்தோப்பு வரைக்கும் வந்தது. இலக்கணம் பொதுவில் வைத்திருக்கும் சொல்லை வழக்கு எப்படி ஆணுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது? கடையில் உட்கார்ந்து கல்லாவைப் பார்க்கிற பெண்ணையும் நாம் முதலாளியம்மா என்றுதான் சொல்கிறோம். 'அம்மா' என்பது அங்கே மரியாதைச் சொல்லாகத் தெரிகிறது. உண்மையில் அவள் யாருக்கு என்ன வேண்டும் என்கிற உறவைத்தான் அது சொல்கிறது.

என் மாணவிகளின் வணிகவியல் பாடநூலில் தொழில் கூட்டுக்குப் பெயர் கூட்டாண்மை. ஆள் என்பதோடு மை சேர்ந்தால் ஆண்மை. வேளாண்மை, மேலாண்மை எல்லாம் அந்த வகையில் பிறந்தவை. ஆளும் தன்மை என்பதே பொருள். ஆண் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நானே பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஆனால் விளக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஊர்வழக்கில் தொழில் கூட்டாளியைப் பங்காளி என்போம். பங்காளி முதலில் உறவுமுறைச் சொல். ஒரே ஆண்வழியில் வந்தவர்கள், சொத்தில் பங்கு கேட்கும் உரிமை உள்ளவர்கள். தந்தையின் அண்ணன் தம்பி பிள்ளைகள் பங்காளிகள். தாயின் அண்ணன் தம்பிகள் மாமன்கள், பெண் கொடுக்கிற, எடுக்கிற முறை. 'பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்ட வேண்டும்' என்கிற பழமொழியில் வெட்டுபவரும் வெட்டப்படுபவரும் ஆண்களே. பெண்ணுக்குப் பங்காளிச் சண்டை கிடையாது. பங்கு இருந்தால்தானே சண்டை.

அதனால் ஒரு தமிழ்க் குடும்பம் கூடித் தொழில் செய்யும்போது, யார் மேசையில் உட்காரலாம் என்கிற விதியைப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அது உறவுமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தொழில் கூட்டுகளில் நிறுவனப் பண்பாட்டின் பங்கு என்ன என்று மேலாண்மை வகுப்புகளில் கேட்கிறார்கள். என் பதில், அந்தப் பண்பாடு நிறுவனத்துக்குள் தயாராவதில்லை, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவது என்பதுதான்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இந்த இடத்தில் வியப்பூட்டும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. அதன் ஐந்தாம் பிரிவு, கூட்டாண்மை ஒப்பந்தத்தால் பிறக்கிறது, பிறப்பு நிலையால் பிறப்பதில்லை என்கிறது. இந்துக் கூட்டுக் குடும்பத்தார் குடும்பத் தொழிலைச் செய்வதாலேயே அவர்கள் கூட்டாளிகள் ஆகிவிடுவதில்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. பங்காளி வேறு, கூட்டாளி வேறு என்று சட்டம் கோடு போட்டு நூறாண்டு நெருங்குகிறது. நம் தொழில் வீடுகள் அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்தே நிற்கின்றன. வெளியாரோடு ஒப்பந்தம், உள்ளே உறவுமுறை.

பாரிமுனையிலிருந்து ஒரு வழக்கு

எங்கள் வடசென்னையின் வாசலில், பாரிமுனையில் நிற்கிறது டேர் ஹவுஸ். முனைக்குப் பெயர் கொடுத்தவர் 1788இல் சென்னைக்கு வந்து வணிகம் தொடங்கிய தாமஸ் பாரி. கட்டடத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவருடைய தொழில் கூட்டாளி ஜான் வில்லியம் டேர். இரண்டு கூட்டாளிகளில் ஒருவர் தெருமுனையாகவும் இன்னொருவர் கட்டடமாகவும் இன்றும் இருக்கிறார்கள். 1981இல் பாரி நிறுவனம் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. இன்று அக்குழுமத்தின் தலைமையகம் அந்தக் கட்டடம்.

முருகப்பா குழுமத்தின் கதையைத் தொழில் கூட்டுகளின் கதையாகவே சொல்லலாம். 1900இல் பர்மாவில் வட்டித் தொழிலாகத் தொடங்கியது. 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சைக்கிள் தொழில். 1954இல் அமெரிக்காவின் கார்போரண்டம் கம்பெனி, இங்கிலாந்தின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் கம்பெனி, முருகப்பா குழுமம் என்று மூன்று தரப்பும் கைகோத்து உருவானது கார்போரண்டம் யுனிவர்சல். அதன் ஆலை திருவொற்றியூரில் இருக்கிறது. சாணைக்கல்லும் உப்புத்தாளும் அங்கே தயாராயின. மூன்று நாட்டு முதலாளிகள், மூன்று விதமான கணக்கெழுதும் முறை, சாப்பாட்டு முறை, பேச்சு முறை. எப்படியோ ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். பண்பாட்டு வேறுபாடு ஒரு தொழில் கூட்டுக்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு எங்கள் பகுதியிலேயே இருக்கிற சான்று அது.

அதே குழுமத்தின் தலைவராக இருந்த எம்.வி. முருகப்பன் 2017 செப்டம்பரில் காலமானார். அவருக்கு இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம், அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பெரிய நிறுவனங்களில் வேலை பார்த்தவர். குடும்பத்தின் பங்குகளை வைத்திருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்னும் நிறுவனத்தில் தாய்க்கும் இரு மகள்களுக்கும் சேர்ந்து 8 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பங்கு இருந்தது. தங்கள் கிளைக்கு இயக்குநர் குழுவில் ஓர் இடம் வேண்டும், இல்லையென்றால் தங்கள் பங்குகளை நியாயமான விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. 2020 ஜனவரியில் வள்ளி இதைப் பொதுவெளியில் பேசினார். தந்தைக்கு மகன் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்றார்.

அந்த ஆண்டின் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்கு நிகரான உரிமை உண்டு, 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடிருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்றது. செப்டம்பர் 21 அன்று, அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வள்ளியை இயக்குநராக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக விழுந்த வாக்குகள் 91.36 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே ஆறே வாரம்.

நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் மகளைப் பங்காளி என்று சொன்ன ஆறாவது வாரத்தில், பங்காளிகள் மகளைக் கூட்டாளி இல்லை என்று சொன்னார்கள். அதில் சட்டமீறல் ஒன்றும் இல்லை. சொத்துரிமை வேறு, இயக்குநர் பதவி வேறு. பங்குதாரர்கள் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொது நிறுவனங்களிலும் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்கிறது. குழுமத்தின் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அம்பாடி பட்டியலிடப்படாத, குடும்பத்தின் உள்ளறை. வெளித்திண்ணையில் பெண் உட்காரலாம். இரும்புப் பெட்டி இருக்கும் அறையில் ஆண்களே இருந்தார்கள்.

விவகாரம் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 ஆகஸ்டில் இரு தரப்பும் சமரசமாகத் தீர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள். செய்தி அத்தோடு முடிந்தது. செய்தி எழுப்பிய கேள்வி முடியவில்லை.

எழுதியதும் எழுதாததும்

நிறுவனப் பண்பாடு என்னும் கருத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவர் எட்கர் ஷைன். 1985இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் பண்பாட்டை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார். கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் முதல் அடுக்கு. நாங்கள் இப்படிப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் விழுமியங்கள் இரண்டாவது. யாரும் சொல்லாமலே எல்லாரும் ஏற்றிருக்கும் அடிப்படை எண்ணங்கள் மூன்றாவது. மூன்றாவது அடுக்குதான் முடிவுகளை எடுக்கிறது என்பது அவர் வாதம்.

இதை நம் வீட்டு மொழியில் சொல்லிவிடலாம். வாசலில் போட்ட கோலம், வரவேற்பறையில் மாட்டிய படம், அடுப்படியில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்பது. ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள மூன்றாவதைப் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் சுவரில் எழுதும் விழுமியங்களில் நேர்மை, மதிப்பு, பொறுப்பு எல்லாம் இருக்கும். 'மகள் கூட்டாளி ஆகமாட்டாள்' என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்காது. எழுத வேண்டிய தேவையே இல்லாததுதான் அதன் பலம்.

இதற்கு எப்போதும் வரும் மறுப்புகள் மூன்று. முதலாவது, இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம். சொந்த விஷயம் என்கிற வேலிக்குள் வைத்துத்தான் பெண்ணின் சொத்துரிமையை நூற்றாண்டுகளாகப் பாதுகாத்து வந்தோம், அதாவது அவளிடமிருந்து பாதுகாத்தோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டபோதும் அது வீட்டு விஷயமாகத்தான் பார்க்கப்பட்டது. தமிழ்நாடு அதைச் சட்டமாக்க 1989 வரை ஆனது. அப்போதும் அதற்குள் மணமாகியிருந்த மகள்களை வெளியே நிறுத்திவிட்டே கதவைத் திறந்தது.

இரண்டாவது, தகுதி. இயக்குநராகத் தொழிலறிவு வேண்டாமா என்பது. வேண்டும். ஆனால் தொழில் குடும்பங்களில் அந்தத் தேர்வு யாருக்கு வைக்கப்படுகிறது என்று பாருங்கள். மகனுக்குப் பிறப்பே நியமன ஆணை. பயிற்சி பிறகு நடக்கும். மகள் முனைவர் பட்டத்தோடு வந்தாலும் முன்னனுபவம் கேட்கப்படும். டிராக்டர் தொழிலில் டாஃபேயின் மல்லிகா சீனிவாசனும், மருத்துவத்தில் அப்போலோவின் நான்கு சகோதரிகளும் இருக்கிறார்களே என்று உடனே சொல்வார்கள். நல்ல எடுத்துக்காட்டுகள்தான். ஆனால் அவ்விரு வீடுகளிலும் தந்தைக்கு மகள்களே வாரிசு, தந்தை இருக்கும்போதே மகள்களைத் தொழிலுக்குள் கொண்டுவந்தார். தந்தை போன பிறகு, அவருடைய பங்காளிகளிடம் மகள் தனியாக வந்து நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை. தந்தையின் அன்பு ஒரு மகளை உள்ளே கொண்டுவரலாம். அன்பு இல்லாமலும் அவள் உள்ளே வரமுடிந்தால்தான் அதை உரிமை என்று சொல்வோம்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கோடீஸ்வர வீட்டுச் சண்டையில் புளியந்தோப்புப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? ஒரு பணக்காரப் பெண் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் வந்துவிடுமா? வராது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் என் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

பெரம்பூர் பாரக்ஸ் சாலையில் ஒரு தள்ளுவண்டி

என் அப்பா பின்னி மில் தொழிலாளி. தொண்ணூறுகளின் நடுவில் மில் மூடியது. எங்கள் தெருவில் பல வீடுகளில் அப்பாக்கள் பகலில் வீட்டிலிருக்கத் தொடங்கினார்கள். அம்மாக்கள் வெளியே போகத் தொடங்கினார்கள். என் அம்மாவும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும் 1996இல் ஒரு தள்ளுவண்டி போட்டார்கள். காலையில் இட்லி, வடகறி. சாயங்காலம் பஜ்ஜி, போண்டா. அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தார். பெரியம்மா தன் வீட்டு அண்டாவையும் அடுப்பையும் கொண்டுவந்தார். அதுதான் முதலீடு.

பெரியம்மா வேறு சாதி. இது எங்கள் பகுதியில் சின்ன விஷயமில்லை. 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த மில்களின் வாசலில். மூன்றே ஆண்டில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, அதே தொழிலாளர்கள் சாதியால் பிளந்தார்கள். வேலைநிறுத்தத்தில் நின்ற சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், வேலைக்குப் போன ஆதிதிராவிடர்கள் ஒரு பக்கம். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரே தறியில் நின்றவர்களைக் கூட்டாளிகளாக வைத்திருக்கச் சங்கத்தின் விதிப்புத்தகத்தால் முடியவில்லை. மூன்றாவது அடுக்கு என்று ஷைன் சொன்னது அன்று தெருவில் தீயாக வந்தது.

அந்தத் தெருவில்தான் இரண்டு பெண்கள் ஒரே கரண்டியால் மாவு ஊற்றினார்கள். அவர்களுடைய கூட்டில் ஒரு பண்பாடு இருந்தது. யார் வீட்டில் காய்ச்சலோ அன்று மற்றவர் நிற்பார், பங்கு குறையாது. ராத்திரி பத்து மணிக்குச் சில்லறையைத் தரையில் கொட்டி எண்ணிப் பாதி பாதி. மில் வேலை போனவர்கள் கடன் சொன்னால் கேட்டு வாங்குவதில்லை, ஆனால் நோட்டில் எழுத வேண்டும். எழுதுவது என் வேலை. பெரியம்மாவின் மகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாவாட்டினாள், காய் அரிந்தாள், கல்யாணமாகும் வரை வண்டியில் நின்றாள். பெரியம்மாவின் இரண்டு மகன்கள் கடைக்கு வந்தது சாப்பிடத்தான்.

2003இல் பெரியம்மா இறந்தார். அவர் கணவர் முன்னமே போய்விட்டார். பதினாறாம் நாள் முடிந்ததும் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தோம். வண்டி, கிரைண்டர், பாத்திரங்கள், இருவரும் சேர்ந்து போட்ட சீட்டுப் பணம். எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் என்று நோட்டில் எழுதினேன். பாதி பெரியம்மாவுடையது. அம்மா அந்த 20,000ஐப் பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு மகன்களின் கையில் கொடுத்தார். மகள் எங்களுக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அவளுக்கு?" என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. அப்போது எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். நவீனக் கவிதையில் பெண்மொழி என்பது என் ஆய்வுத் தலைப்பு. ராத்திரி படுக்கும்போது மட்டும் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார்: "அவளுக்கு என்னாடி, கட்டிக் குடுத்தாச்சு. பசங்க காசு பசங்ககிட்ட போச்சு."

பசங்க காசு. வண்டியைத் தள்ளாத பையன்களின் காசு. ஏழு வருடம் மாவாட்டியவளுக்கு அதில் பங்கில்லை என்று முடிவு செய்தது எந்தப் பணக்காரப் பங்காளியும் இல்லை. சாதியைத் தாண்டிக் கூட்டுச் சேர்ந்த, கணக்கில் ஒரு ரூபாய் தவறாத, என் அம்மா. எழுதிக் கொடுத்தது நான்.

சட்டம் அப்போதே என்ன சொன்னது என்று பின்னால்தான் படித்தேன். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்தில் அவள் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. 1989 திருத்தமோ 2005 திருத்தமோ தேவையே இல்லை. நாற்பத்தேழு ஆண்டுகளாக இருந்த உரிமை. அதை நாங்கள் காலால் உதைக்கக்கூட இல்லை. அது அங்கே இருப்பதே தெரியாமல் தாண்டிப் போனோம்.

2020இல் பத்திரிகையில் 91.36 என்கிற எண்ணைப் படித்தபோது எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த நோட்டு நினைவுக்கு வந்தது. டேர் ஹவுஸ் குடும்பத்தில் ஒரு மகள் வாய்விட்டுக் கேட்டார், தீர்மானம் வந்தது, வாக்கெடுப்பு நடந்தது, எட்டு விழுக்காட்டுக்கு மேல் ஆதரவும் விழுந்தது. எங்கள் வீட்டில் தீர்மானமே வரவில்லை. எதிர்வாக்கு நூற்றுக்கு நூறு. அதில் இரண்டு பெண்களுடையவை.

கோடீஸ்வர வீட்டுச் சண்டையில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்றால், இதுதான். தொகை வேறு, விதி ஒன்று.

கடனுக்குப் பங்காளி

பெண்கள் கூட்டுச் சேர்வதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று தமிழ்நாட்டின் தெருவெங்கும் இருக்கின்றன. எங்கள் தெருவிலும் இருக்கிறது. வாரக் கூட்டம், தீர்மானப் புத்தகம், சேமிப்பு, சுழற்சியில் தலைவி. எழுதிய விதிகளோடு இயங்கும் பெண்களின் கூட்டு இவ்வளவு பெரிய அளவில் இதற்கு முன் இங்கே இருந்ததில்லை. கூட்டம் நடத்த, கையெழுத்துப் போட, மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார எத்தனையோ பெண்களுக்கு அது கற்றுக்கொடுத்தது.

ஆனால் அந்தக் கூட்டின் மையத்தில் இருப்பது கடன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். நுண்கடன் கம்பெனிகளின் குழுக்களில் அந்தக் கூட்டுப் பொறுப்பு இன்னும் கடுமை. தவணை நாளில் ஒருத்தி வீட்டு வாசலில் மற்றவர்களையே உட்கார வைக்கிறார்கள். பெண்களின் நாணயத்தை நம்பிக் கடன் கொடுக்கிற உலகம், அதே பெண்களைச் சொத்துக்குக் கூட்டாளிகளாக நம்பத் தயங்குகிறது. கடனுக்குப் பங்காளி, சொத்துக்கு வாரிசில்லை. குழுவின் பேரில் வாங்கிய பணத்தில் ஆட்டோ வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் கணவர் பெயர் இருக்கும், தீர்மானப் புத்தகத்தில் மனைவி பெயர் இருக்கும்.

வேறு மாதிரியும் கூட்டை அமைக்க முடியும் என்பதற்கு லிஜ்ஜத் அப்பளம் ஓர் எடுத்துக்காட்டு. 1959 மார்ச்சில் பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி ஒரு மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். இன்று பல்லாயிரம் பெண்கள் அதில் உறுப்பினர்கள். உறுப்பினர் ஒவ்வொருவரும் உரிமையாளர். ஆண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம், உறுப்பினராக முடியாது. அதிலும் குறைகள் உண்டு. உருட்டுக்கட்டைக்கு முன்னால் உட்காரும் உடல்களின் வலியை எந்த லாபப் பங்கும் ஈடுசெய்வதில்லை. ஆனால் அதன் அடிப்படை விதியைக் கவனிக்கத்தான் வேண்டும். அங்கே பங்கு பிறப்பால் வருவதில்லை, அப்பளம் இடுகிற கையால் வருகிறது. அந்த விதி எங்கள் தள்ளுவண்டிக்கு இருந்திருந்தால், 2003இல் காபி கொண்டுவந்தவள் உள்ளே போயிருக்கமாட்டாள்.

ஆகவே மாணவிகளுக்கு நான் சொல்வது: பண்பாடு மாறட்டும் என்று காத்திருக்காதீர்கள். பண்பாடு தானாக மாறியதாக வரலாறு இல்லை. எழுதாத விதியை எதிர்க்க ஒரே வழி, எதிர்விதியை எழுதி வைப்பது. தோழியோடு சேர்ந்து மாவுக் கடை போட்டாலும், தையல் கடை போட்டாலும், ஒரு கூட்டாண்மைப் பத்திரம் எழுதுங்கள். பதிவு செய்யுங்கள், பதிவு செய்யாத கூட்டாண்மை தன் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது என்கிறது சட்டத்தின் 69ஆம் பிரிவு. ஒரு கூட்டாளி இறந்தால், வேறு ஏற்பாடு எழுதியிராவிட்டால், கூட்டாண்மையே கலைந்துவிடும் என்கிறது 42ஆம் பிரிவு. அந்த 'வேறு ஏற்பாடு' என்கிற இடத்தில்தான் உங்கள் மகள் உட்கார முடியும். சிநேகிதிக்குள் பத்திரம் எதற்கு என்பார்கள். என் அம்மாவும் பெரியம்மாவும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்களுக்குள் பத்திரம் தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டது அடுத்த தலைமுறைக்கு.

போன தை மாதம் பெரியம்மாவின் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வியாசர்பாடியில் இருக்கிறாள். நாத்தனாரோடு சேர்ந்து இட்லி மாவு வியாபாரம் தொடங்கப்போவதாகச் சொன்னாள். "நோட்டு எழுதுவியே அக்கா, இதையும் நீயே எழுதிக் குடு" என்று முத்திரைத்தாளை நீட்டினாள். வக்கீலிடம் சரிபார்க்கச் சொல்லிவிட்டு வரைவை எழுத உட்கார்ந்தேன். கூட்டாளிகளில் ஒருவர் இறந்தால் என்கிற இடம் வந்தபோது, 'அவருடைய சட்டப்படியான வாரிசுகள்' என்று எழுதினேன். சரியான சட்டச்சொல்தான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "வாரிசுன்னா பசங்கன்னு எடுத்துக்குவாங்க அக்கா. மகன், மகள்னு தனித்தனியா போடு. மகளை முதல்ல போடு."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். இருபது வருடத்துக்கு முந்தைய அந்தக் கணக்கைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் பங்கில் இன்னும் தீராமல் நிற்கிற கணக்கு அது.